கேட்போர் யார்? டவர் ஹம்லெட்ஸ் தேர்தல் தீர்ப்பை முன்வைத்து

கிழக்கு லண்டனின் டவர் ஹம்லெட்ஸ் மேயர் தேர்தலைச் செல்லாதென்று அறிவித்த 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது இரண்டு பேச்சுத்தான் காதில் விழும். ஒன்று, "முஸ்லிம் ஒருத்தன் மேயராக இருக்கிறது வெள்ளைக்காரனுக்குப் பொறுக்கல்ல." மற்றது, "மார்க்கத்தை அரசியலுக்குள்ள கொண்டுபோனா இப்படித்தான்." இரண்டையும் சொல்பவர்களில் அந்தத் தீர்ப்பை வாசித்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. நானும் வாசிக்காமலே நெடுநாள் முதலாவது கட்சியில் இருந்தவன்தான். ஒரு பாடசாலை விடுமுறையில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். ஏறத்தாழ 200 பக்கம். நான் சட்டம் படித்தவனல்லன். தமிழ் சிறப்புப் பட்டம் பெற்ற ஆசிரியன். ஒரு பிரதியை எப்படி வாசிப்பது என்பதை மட்டுமே கற்றேன், அதையே கற்பிக்கிறேன். ஆகவே இதைச் சட்ட விமர்சனமாக அன்றி, ஒரு வாசிப்பின் மீதான விமர்சனமாகக் கொள்ள வேண்டுகிறேன்.

ஊரும் தேர்தலும்

பிரிக் லேன் தெருவில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. 1743இல் பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட புரட்டஸ்தாந்துக்காரர் கட்டிய தேவாலயம் அது. 1898இல் கிழக்கைரோப்பிய யூதர்களின் தொழுகையிடமாகி, 1976இல் வங்காள முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று. அகதியாகவும் ஏழையாகவும் வந்தவர்களே அடுத்தடுத்து அதில் தொழுதிருக்கிறார்கள். 2011 குடிசன மதிப்பீட்டின்படி அந்நகரில் மூன்றிலொரு பங்கினர் முஸ்லிம்கள். பெரும்பாலானோர் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்த குடும்பத்தினர். 1978 மே 4ஆம் திகதி அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி இனவெறியர்களால் அங்கு குத்திக் கொல்லப்பட்டார். இன்று அவர் பெயரில் ஒரு பூங்கா உண்டு. வீடு, வேலை, உயிர்ப் பாதுகாப்பு என எதைக் கேட்பதானாலும் கூட்டமாக நின்று கேட்க வேண்டியிருந்த சமூகம் அது. கூடுவதற்கு அவர்களுக்கு இருந்த முக்கிய இடங்களில் ஒன்று பள்ளிவாசல். இதை மறந்துவிட்டு அங்குள்ள இமாம்களையும் அரசியலையும் பற்றிப் பேசுவது நியாயமில்லை.

லுத்புர் ரஹ்மான் ஒரு சட்டத்தரணி. 2010இல் தொழிற்கட்சி அவரை வேட்பாளர் இடத்திலிருந்து நீக்கியது. சுயேச்சையாக நின்று அவ்வருடம் ஒக்டோபரில் மேயரானார். 2014 மே 22இல் நடந்த தேர்தலில் தொழிற்கட்சியின் ஜோன் பிக்ஸை 3,000க்குச் சற்று மேற்பட்ட வாக்குகளால் மீண்டும் வென்றார். நான்கு வாக்காளர்கள் தேர்தல் மனு தாக்கல் செய்தனர். அவர்களுள் ஒருவர் பிரிக் லேனில் உணவகம் நடத்திய வங்காளி. முதலாவது கட்சியினர் இந்த இடத்தைச் சொல்வதேயில்லை.

தேர்தல் ஆணையாளராக விசாரித்த ரிச்சர்ட் மோரி 2015 ஏப்ரல் 23இல் தீர்ப்பளித்தார். ஆள்மாறாட்டம், தபால் வாக்கு மோசடி, எதிர்வேட்பாளர் இனவாதி என்ற பொய்ப் பிரசாரம், பொதுப்பணத்தை மானியமாகக் கொடுத்து வாக்கு வாங்கியமை ஆகியன நிரூபணமாயின என்றார். வாக்களிப்பு நிலையங்களில் வாக்காளர்கள் மிரட்டப்பட்டார்கள் என்ற குற்றச்சாட்டை அவர் ஏற்கவில்லை. ரஹ்மானுக்கு 5 ஆண்டுத் தடை விழுந்தது. 2015 ஜூனில் நடந்த மறுதேர்தலில் பிக்ஸ் வென்றார். தடை முடிந்து 2022இல் ரஹ்மான் மீண்டும் மக்கள் வாக்கால் மேயரானார். குற்றவியல் வழக்கு எதுவும் அவர்மீது தொடரப்படவில்லை. ஆனாலும் தபால் வாக்கு, மானியம் பற்றிய பக்கங்களை வாசித்த பிறகு முழுத் தீர்ப்பையும் 'இஸ்லாமிய வெறுப்பு' என்ற ஒரு சொல்லால் மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. அவ்வகைத் தில்லுமுல்லால் அதிகம் இழந்தவர்கள் அந்த ஊர் வங்காள மக்களே என்று ஆணையாளர் சொல்வதிலும் உண்மை உண்டு.

நமக்கு விவாதத்துக்குரியது இன்னொரு பகுதி. 'முறையற்ற ஆன்மீகச் செல்வாக்கு' நிகழ்ந்தது என்ற முடிவு அது.

101 கையொப்பங்கள்

தேர்தலுக்குச் சில நாட்களே இருக்கையில் ஒரு வங்காள வாரப் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளியாயிற்று. இமாம்களும் ஆலிம்களுமாக 101 பேர் ஒப்பமிட்டிருந்தனர். ஊடகங்கள் நமது ஊரையும் மார்க்கத்தையும் பள்ளிவாசல்களையும் இழிவுபடுத்துகின்றன. இந்த அநியாயத்துக்கு எதிராக ஒன்றுபட்டு லுத்புர் ரஹ்மானை வெற்றிபெறச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். எனக்கு வங்காளம் தெரியாது. தீர்ப்பு தரும் ஆங்கில வடிவத்தையே வாசித்தேன். அதில் நரகம் என்றோ பாவம் என்றோ ஒரு பயமுறுத்தல் நேரடியாக இல்லை. ஆயினும் அவருக்கு வாக்களிப்பதே முஃமினின் கடமை என்ற பொருளை அது தருகிறது என்று ஆணையாளர் வாசித்தார்.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளாக 34ஐச் சொல்கிறது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் ஆகியனவும் அடங்கும். சொன்னவர் யார், கேட்டவர் யார், எந்த இடம், எந்த வேளை, என்ன நோக்கம் என்று பார்க்காமல் வெறும் சொல்லை மட்டும் பிடித்துப் பொருள் சொல்லாதே என்பதுதான் அதன் பாடம். சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் சொல்லாலோ குறிப்பாலோ நிரப்பிக்கொள்வது எச்சம். க.பொ.த. உயர்தர வகுப்பில் வருடா வருடம் இதைத்தான் கரும்பலகையில் எழுதுகிறேன்.

மோரி செய்ததும் ஏறக்குறைய இதுதான். கூற்று, 101 மார்க்க அறிஞருடையது. காலம், தேர்தலுக்கு முந்திய வாரம். களன், சமூகத்தின் சொந்தப் பத்திரிகை. பயன், ஒருவரின் வெற்றி. இத்தனையும் சேரும்போது சொல்லாமல் விட்டது தானாக நிரம்பும் என்றார். ஒரு வாசிப்பு முறையாக இதில் எனக்குக் குறை தெரியவில்லை. "கடிதத்தில் பயமுறுத்தல் எங்கே?" என்று மட்டும் கேட்பவர்கள், எச்சம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

மீத் ஆயரின் சுற்றுமடல்

இந்தச் சட்டம் முஸ்லிம்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. 'இம்மைத் தீங்கு அல்லது ஆன்மீகத் தீங்கு' என்ற சொற்றொடர் 1883ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்திலிருந்து 1983ஆம் ஆண்டுச் சட்டம் வரை வந்திருக்கிறது. பிரித்தானியர் ஆண்ட நாடுகளின் தேர்தல் சட்டங்களிலும் அதன் சாயல் உண்டு. நமது நாடும் அதற்கு விலக்கல்ல. அக்காலத்தில் அதன் வெளிச்சம் விழுந்தது அயர்லாந்தின் கத்தோலிக்க குருமார்மீது. 1892இல் மீத் மறைமாவட்ட ஆயர் நல்டி, பார்னெலின் ஆதரவாளர்களை எதிர்த்து ஒரு சுற்றுமடல் விடுத்தார். பார்னெல் கட்சியில் நின்றுகொண்டே நல்ல கத்தோலிக்கராக இருக்க முடியாது என்ற பொருளில் அமைந்த அந்த மடல் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டது. வட மீத், தென் மீத் ஆகிய இரண்டு தொகுதித் தேர்தல்களும் வறிதாயின. அவ்வழக்குகளுக்கு முன்பே, 1870இல், ஐரிஷ் நீதிபதி ஒருவர் எல்லையைத் தெளிவாகப் போட்டிருந்தார். குரு புத்தி சொல்லலாம், கெஞ்சலாம், எது நேர்மை என்று காட்டலாம். ஆனால் மறுமையின் நற்கூலியையோ தண்டனையையோ காட்டி வாக்குக் கேட்கக்கூடாது.

இந்த எல்லையை வைத்து இரண்டு மடல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஆயரின் மடலில் மிரட்டல் வெளிப்படையாக நிற்கிறது. 101 பேரின் கடிதத்தில் புத்தி சொல்லலும் கெஞ்சலும் உண்டு. மறுமையின் தண்டனை இல்லை. மீத்தில் சொல்லே குற்றவாளி. டவர் ஹம்லெட்ஸில் எச்சம்தான் குற்றவாளி. எச்சத்தின் மேல் ஒரு தீர்ப்பைக் கட்டுவதானால் கேட்போர் யார் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். தீர்ப்பு சறுக்குவது அங்கேதான்.

ஒரே காது

கல்வியும் அரசியல் தெளிவும் மிகுந்த ஒரு சமூகம். மரபைப் பேணி அதிகாரத்தை மதிக்கும், மற்றவரோடு முழுமையாகக் கலந்துவிடாத இன்னொரு சமூகம் என்று ஆணையாளர் இரண்டாகப் பிரிக்கிறார். முன்னையோர் மதகுருவின் சொல்லைத் தள்ளிவிட்டுப் போவார்களாம், பின்னையோர் பணிந்துவிடுவார்களாம். டவர் ஹம்லெட்ஸ் வங்காளிகளை அவர் வைப்பது பின்னைய தட்டில், 19ஆம் நூற்றாண்டு ஐரிஷ் குடியானவர்களுக்குப் பக்கத்தில்.

கேட்போர் முக்கியம் என்று கண்டுபிடித்தவர், அந்தக் கேட்போரை ஒரே காதுள்ள ஓர் ஆளாக ஆக்கிவிட்டார். ஆனால் வழக்குக்கு வந்த நால்வரில் ஒருவர் அதே சமூகத்தவர். தபால் வாக்கையும் மானியத்தையும் பற்றிப் பேசும் பக்கங்களில் வங்காளிகள் தனித்தனி மனிதர்களாக வருகிறார்கள்: பொய் சொல்கிறவர், மெய் சொல்கிறவர், பயந்தவர், துணிந்தவர். ஆன்மீகச் செல்வாக்குப் பகுதிக்கு வந்ததும் எல்லோரும் ஒரே மந்தையாகிவிடுகிறார்கள். இமாமின் சொல்லால் அசையாதவர்தான் பிரஜை என்ற ஓர் அளவுகோல் இதற்குள் ஒளிந்திருக்கிறது. சமயச் சார்பின்மை என்று சொல்லி அதை நியாயப்படுத்தவும் வழியில்லை. அதே நாட்டின் பிரபுக்கள் சபையில் 26 ஆங்கிலிக்கன் ஆயர்கள் உட்கார்ந்து சட்டத்துக்கு வாக்களிக்கிறார்கள்.

இந்த அளவில் கட்டுரையை முடித்திருந்தால் நம்மவர்கள் கைதட்டுவார்கள். ஆனால் எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்றிருக்கிறது.

நான் எழுதிய நோட்டீஸ்

சில வருடங்களுக்கு முன், ஒரு பிரதேச சபைத் தேர்தலின்போது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். "சேர், பள்ளிப் பேரால ஒரு நோட்டீஸ் அடிக்கணும். ஒங்கட தமிழ்தான் சரி." எழுதிக் கொடுத்தேன். எந்தப் பட்டியலையும் ஹராம் என்று எழுதவில்லை. எந்த வேட்பாளரின் பெயரும் இல்லை. "ஊரின் ஒற்றுமையைக் காப்பது நம் ஒவ்வொருவர் மீதும் கடமையாகும்" என்று முடித்தேன். எந்தப் பட்டியல் ஒற்றுமைப் பட்டியல் என்பது ஊருக்கே தெரியும்.

'கடமை' என்ற சொல்லை நான் தெரியாமல் போடவில்லை. பிறர் தமிழில் அது பிரஜையின் பொறுப்பு. நம் வீடுகளில் அது பர்ளு. ஐந்து கடமை, கடமையான குளிப்பு என்று கேட்டு வளர்ந்த காது நமது. யாராவது கேள்வி கேட்டால் முதலாவது பொருளைக் காட்டலாம். ஊருக்குள் இரண்டாவது பொருள் வேலை செய்யும். எச்சத்தை இப்படித் திட்டம் போட்டு விட்டுவைக்கலாம் என்பது பட்டப்படிப்பு எனக்குத் தந்த கெட்டித்தனம்.

தேர்தல் முடிந்து சில வாரங்களில் ஒரு மீன்பிடித் தொழிலாளி என்னிடம் வந்தார். தன் மச்சானுக்கு வாக்களிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தவர். மச்சான் மற்றப் பட்டியலில் நின்றார். இவர் மாற்றிப் போட்டுவிட்டார். மச்சானுக்கும் அது தெரிந்து, இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "கடமையெண்டு போட்டிருந்திச்சே சேர். கடமைய உட்டா குத்தமில்லையா?" என்றார். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

எண்பது தாண்டிய என் மூத்தம்மாவுக்கு அதே நோட்டீஸை நான்தான் வாசித்துக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு வக்து தொழுகை தவறாதவர். மோரியின் பிரிப்பில் பின்னைய தட்டுக்கு இவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "தொழுகய ஹஸ்ரத்துக்கிட்டக் கேப்பன் மனே. எங்கட ஒழுங்கைக்கு ஆரு கொங்கிரீட் போட்டுத் தருவாரெண்டு எனக்குத் தெரியும்" என்றார். போட்டதும் தன் விருப்பப்படிதான்.

ஒரே ஊர், ஒரே நோட்டீஸ், இரண்டு காது. மூத்தம்மாவை வைத்து ஆணையாளரின் வாசிப்பு பிழை என்று வாதாடலாம். அந்தத் தொழிலாளியை வைத்து அவர் சரி என்றும் வாதாடலாம். இருவரும் ஒரே சமூகத்தில் இருப்பதால்தான் சமூகம் முழுவதையும் பணிவானதென்று எழுதுவது பிழையாகிறது. அதே காரணத்தால் நம் கடிதங்களும் நோட்டீஸ்களும் தீங்கற்றவை என்று நாம் கைகழுவுவதும் பிழையாகிறது. தீங்கு போய்ச் சேர்வது பணிகிறவரிடம்; பொறுப்பு எழுதியவரிடம் மிஞ்சுகிறது.

2022இல் பிரித்தானியா தேர்தல் சட்டத்தைத் திருத்தியபோது ஆன்மீக அழுத்தம் பற்றிய பிரிவைக் கைவிடாமல் மேலும் விரித்து எழுதியிருக்கிறது. சட்டம் அதன் பாட்டில் போகட்டும். ஆலிம் ஒருவருக்கு அரசியல் கருத்து இருக்கலாம். அதைத் தன் பெயரில், தன் கருத்தாக, "இதில் என்னோடு உடன்படாதவரும் நல்ல முஸ்லிமே" என்ற ஒரு வரியோடு சொல்லலாம். அந்த வரியைச் சேர்த்தால் எச்சம் அடைபடும். அதைச் சேர்க்க மறுக்கும் நோட்டீஸ் எதுவானாலும், அது எதை எதிர்பார்த்து எழுதப்பட்டதென்று நமக்கே தெரியும்.

இத்தீர்ப்பின் ஆன்மீகச் செல்வாக்குப் பகுதியும், மூல வங்காளத்திலிருந்து நேரடியாக அந்தக் கடிதமும் தமிழில் வரவேண்டும். வங்காளம் அறிந்த நம்மவர் எவரேனும் முன்வந்தால் 'கடமை'க்கு அங்கே என்ன சொல் நின்றது என்பதை முதலில் பார்க்க விரும்புகிறேன். நான் எழுதிய நோட்டீஸின் ஒரு பிரதி இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. அடுத்த தவணையில் எச்சம் படிப்பிக்கும்போது அதையே உதாரணமாக எடுக்க இருக்கிறேன், எழுதியவர் பெயரையும் சொல்லி.