வெட்டிய ஒன்பது: பழைய கலப்பை ஒன்றை வாங்கி ஓட்டிப் பார்த்தேன்

ஐந்து கொத்துக் கலப்பை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தாராபுரம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடை. சைக்கிள் ரிம்மும் போர் பைப்பும் குவிந்து கிடந்த இடத்துக்குப் பின்னால், வேலிக்காத்தான் நிழலில் சாய்ந்து கிடந்தது. சிவப்புப் பெயின்ட், அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே துரு. பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டை மட்டும்.

"ஏனுங்க, இது சின்ன வண்டிக்குச் சேருங்களா?"

"அதெல்லாம் சேருந் தம்பி. பின்னை மாட்டுங்க, ஓட்டுங்க."

எடைக்குத்தான் விலை. 140 கிலோ, 7,000 ரூபாய். புதிதில் பாதிகூட இல்லை.

என்னிடம் இருப்பது 70 சென்ட் செம்மண் காடு. நடுவில் கிணறு, ஓரத்தில் எட்டுத் தென்னை. வாடகைக்கு வரும் 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்பது கொத்தோடு உள்ளே நுழைந்தால் உழுவதைவிடத் திரும்புவதற்குத்தான் நேரம் போகிறது. நாலு மூலையும் உழாமல் நிற்கும், வரப்பு ஒரு பக்கம் சரியும். அதனால்தான் 22 குதிரைத்திறன் சின்ன வண்டி வாங்கினேன். அதற்கேற்ற பழைய கலப்பை தேடிய கதைதான் இது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டப் போனால், கீழ் லிங்க்கின் பந்துக்குள் பின் நுழையவே இல்லை. வெர்னியர் வைத்துப் பார்த்தேன். கலப்பையின் பின் 28 மி.மீ., வண்டியின் பந்துத் துளை 22. இரண்டு பின்னுக்கும் இடைவெளி 825 மி.மீ. என் வண்டிக்கு 683 இருந்தால்தான் சரி.

இந்த நாலு எண்ணும் மனப்பாடமாக இருந்திருந்தால் கடையிலேயே கண்டுபிடித்திருப்பேன். டிராக்டரின் மூன்று முனை இணைப்புக்குச் சர்வதேச அளவு உண்டு. சின்ன வண்டிகளுக்கு முதல் வகை: கீழ்ப் பின் 22, டாப் லிங்க் பின் 19. பெரிய வண்டிகளுக்கு இரண்டாம் வகை: 28, 25. மிகச் சின்ன வண்டிகளில் இடைவெளி இன்னும் குறுகி 400 வரை வருவதும் உண்டு. சின்னப் பின்னைப் பெரிய துளையில் மாட்ட ஒரு புஷ் போதும், பெட்டிக்கடை விலைதான். பெரிய பின்னைச் சின்னத் துளையில் மாட்ட வழியே இல்லை.

சரி, ஐந்து கொத்துக் கலப்பைக்கு எதற்குப் பெரிய வண்டியின் பின்? பிரேமின் இரு முனைகளையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தபோது விடை தெரிந்தது. கேஸ் கட்டரால் அறுத்த தழும்பு, அதன்மேல் தகடு வைத்து அடைத்த வெல்டிங். இது பிறவி ஐந்து கொத்து இல்லை. ஒன்பது கொத்தின் இரு பக்கத்தையும் வெட்டி எறிந்துவிட்டு நடுத்துண்டை விற்றிருக்கிறார்கள். கடைக்காரரைக் குறை சொல்லி என்ன, நான் பெயின்ட்டைப் பார்த்தேன், அறுப்பைப் பார்க்கவில்லை.

பெயின்ட் என்றதும் ஒன்று. சிவப்பாக இருந்தால் போதும், "இது மாஸ்ஸி கலப்பை" என்பார்கள். மூன்று முனை இணைப்பை உலகத்துக்குக் கொடுத்த ஹாரி பெர்குசனின் பெயர் மாஸ்ஸி பெர்குசன் வண்டியில் இருக்கிறது, 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே அந்த வண்டிகளை ஊரெல்லாம் கொண்டு சேர்த்தது, எல்லாம் சரி. கலப்பைகளை உள்ளூர்ப் பட்டறைகளும் அடித்துத் தள்ளின. மேலே பூசிய நிறத்தை வைத்து இரும்பின் ஊரைச் சொல்ல முடியாது.

வெட்டியது என்று தெரிந்தபின் விரிசல் பயம் பிடித்துக்கொண்டது. பட்டறைக்காரர் ஒரு வேலை செய்தார். இணைப்புத் தகடு பிரேமோடு சேரும் மூலையில் பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டுத் துணியால் நன்றாகத் துடைத்தார். மேலே சாக்பீஸ் பொடியைத் தேய்த்தார். வெள்ளையாகவே இருந்தது. இடது தகட்டில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு ஈரக்கோடு எழும்பியது, தலைமுடி அகலம், இரண்டு அங்குல நீளம். விரிசலுக்குள் புகுந்த எண்ணெயைப் பொடி உறிஞ்சி வெளியே காட்டுகிறது. வாங்கும் இடத்திலேயே இதைச் செய்து பார்க்க ஒரு சாக்பீஸும் அரைக்கால் லிட்டர் மண்ணெண்ணெயும் போதும்.

விரிசலை அடைத்து, தகடுகளை உள்ளே தள்ளி 683-க்கு வைத்து, மாஸ்ட்டில் 460 மி.மீ. உயரத்தில் டாப் லிங்க்குக்குப் புதுத் துளை போட்டு, பின்களை மாற்றியதில் 3,200 ரூபாய். கொழு ஐந்தும் புதிது, 900. பழைய கொழு தேய்ந்திருப்பது குறையே இல்லை. இருமுனைக் கொழுவைக் கழற்றித் திருப்பிப் போட்டால் இன்னொரு ஆயுள் கிடைக்கும். கவனிக்க வேண்டியது கொத்தைத் தாங்கும் புஷ். கொத்தின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். விரல் அகலம் ஆடினால் சால் நேராக வராது.

ஓட்டம் எப்படி? மழை பெய்து மூன்றாம் நாள், ஈரம் பதமாக இருந்தபோது இறக்கினேன். கொத்துக்குக் கொத்து 22.5 செ.மீ. வைத்தால் ஐந்தும் சேர்ந்து நாலடிகூட வராது, மூன்றேமுக்கால் அடிதான் உழுகிறது. என் வண்டியின் பின்டயர் வெளி அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவே, ஆகவே டயர் அழுத்திய தடம் மறைந்துவிடுகிறது. இதைவிடக் குறுகினால் இரு பக்கமும் தடம் கட்டியாக நிற்கும். முதல் இரண்டு சுற்றில் முன்வரிசை ஆழமாகக் குத்தி, பின்வரிசை மண்ணைக் கீறிக்கொண்டு வந்தது. டாப் லிங்க்கை மூன்று சுற்று நீட்டியதும் இரண்டு வரிசையும் சமமாக இறங்கின. சுக்காங்கல் தட்டுப்பட்ட இடத்தில் ஸ்பிரிங் மாட்டிய கொத்து பின்னால் மடங்கி, கல்லைத் தாண்டி, 'டங்'கென்று திரும்பி வந்தது. ஸ்பிரிங் இல்லாத கலப்பையாக இருந்தால் அங்கேயே கொத்து வளைந்திருக்கும். ஆழம் ஐந்து அங்குலம். அதற்குமேல் இறக்கினால் வண்டி முனகுகிறது.

பழைய ரொட்டவேட்டரும் பார்த்தேன், வாங்கவில்லை. அதில் தேய்மானம் எல்லாம் உறைக்குள் ஒளிந்திருக்கிறது. கியர் பெட்டிக்குக் கீழே எண்ணெய்க் கசிவும் ரோட்டரைக் கையால் தூக்கினால் பேரிங்கில் ஆட்டமும் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவது நல்லது. சட்டிக் கலப்பை என் வண்டி தூக்காது. அடிமண் இறுக்கத்தை உடைக்கும் உளிக் கலப்பை சில வருஷத்துக்கு ஒருமுறை தேவைப்படுவது. வேளாண்மைப் பொறியியல் துறையிடம் வாடகைக்குச் சொல்லிக்கொள்ளலாம், வாங்கிப் போட வேண்டியதில்லை.

மொத்தம் 11,100 ஆயிற்று. பிறவி ஐந்து கொத்து, சரியான பின்னோடு, 10,000-க்குக் கிடைத்தால் அதையே எடுங்கள். எனக்குக் கிடைத்ததைத் திருப்பித் தரமாட்டேன் என்றாலும்.

போன வாரம் அதே கடைக்குப் போய், வெட்டிய மிச்சம் நாலு கொத்து எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், கலப்பை கிடந்த இடத்தைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். இரண்டு போய்விட்டதாம். மீதி இரண்டும் ஸ்பிரிங்கோடு தராசில் ஏறின. 19 கிலோ. உதிரிக்கு ஆகும்.