ஒரு நாட்டுக்கு ஒரு நூலகம் போதுமா?

கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். ஒவ்வொன்றும் ஒரு நாடு. திண்ணனூர் நாடும் அப்படித்தான். பெயர் ஒன்று, ஊர்கள் பல. இடையில் மேடும் பள்ளமும் காடும். 2006-இல் வந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், மாநிலத்தின் 12,618 ஊராட்சிகளுக்கும் தலா ஒரு நூலகம் என்று கணக்குப் போட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் அது சமவெளிக் கணக்கு. மலையில் கட்டடம் நிற்கும் ஊர்ப் பிள்ளைக்குத்தான் அது நூலகம். மற்ற ஊர்ப் பிள்ளைக்கு, பேருந்தில் போகும்போது கண்ணில் படும் பெயர்ப்பலகை.

பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதே என்பார்கள். அங்கே புத்தகம் பீரோவில் இருக்கும். சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இருப்புப் பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தால் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளைகூட எதையும் வாசிக்கவில்லை என்றால் கேட்பார் யாருமில்லை.

1931-இல் மன்னார்குடிப் பக்கம் ஓடிய மாட்டுவண்டி நூலகத்தைச் சிலர் முன்மாதிரி காட்டுவார்கள். (அந்த வண்டி வந்து போகாத நூலக விழா மேடை உண்டா?) நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் காலத்து அந்த முயற்சி பெரியது, வாசகரைத் தேடிப் புத்தகம் போனது. ஆனால் எழுத்துக் கூட்டித் திணறும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வண்டி வந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கூட வாசிக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளைக் கொடுத்தது 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம். உள்ளூர்த் தன்னார்வலர், மாலை வகுப்பு, மாதம் 1,000 ரூபாய். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. மலையூர்களுக்கென்று நடந்த ஆய்வல்ல அது. அளந்தது தமிழையும் கணக்கையும், வாசிப்புப் பழக்கத்தை அல்ல. இருந்தும், கட்டடத்துக்கு ஆதரவாக இப்படி ஒரு சான்றை யாரும் முன்வைத்து நான் பார்த்ததில்லை.

இத்திட்டத்தின் குறை சம்பளத்தில் இருந்தது. மிளகு பறிப்புக்குப் போனால் சில நாள் கூலியிலேயே 1,000 ரூபாய் வந்துவிடும். பன்னிரண்டாவது முடித்த மலைப் பெண்ணைத் 'தன்னார்வலர்' என்றழைத்து மாதம் முழுவதற்கும் அதையே கொடுத்தது சேவையுமல்ல, வேலையுமல்ல.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. 2023-இல் வந்த பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்துத் தந்த ஒல்லிப் புத்தகங்கள் ஒரு துணிப்பையில் அடங்கும்.

எனவே என் தீர்ப்பு: திண்ணனூர் நாட்டுக்கு இன்னொரு நூலகக் கட்டடம் வேண்டாம். ஊருக்கு ஒரு பை, அதைச் சுமக்க நியாயமான ஊதியத்தில் உள்ளூர்ப் பெண் ஒருவர். பிள்ளைகள் கையில் கிழிந்த புத்தகத்தைக் கேள்வி கேட்காமல் பதிவேட்டிலிருந்து நீக்க ஓர் அரசாணையும் வேண்டும்.