லேப்டாப் காட்டிய வழி

அமெரிக்காவில் 2000-களில் சிலர் காரில் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றினார்கள். முன் சீட் போல்ட்டைக் கழற்றி, ஒரு தாங்கியைச் சேர்த்து முடுக்கி, அதன்மேல் லேப்டாப். யுஎஸ்பியில் சின்ன ஜிபிஎஸ் ரிசீவர். மைக்ரோசாஃப்ட்டின் 'ஸ்ட்ரீட்ஸ் அண்ட் ட்ரிப்ஸ்' வழி சொல்லும் (2014-ல் நிறுத்திவிட்டார்கள்). பெரிய திரை, இன்டர்நெட் இல்லாமலே மேப். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் நாலு சாட்டிலைட்டின் சிக்னலை வைத்து நாம் நிற்கும் தெருவைக் கண்டுபிடிப்பது பிரமிப்புதான், மறுக்கவில்லை.

ஆனால் தாங்கி, பக்கத்து சீட் ஏர்பேக் விரியும் இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தால்? மோதும்போது லேப்டாப் யார் முகத்துக்குப் போகும், யோசியுங்கள். தவிர, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டே செகண்ட் திரையைப் பார்த்தால், 55 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம்.

இன்று லேப்டாப் போய் செல்போன் வந்துவிட்டது. அந்த 55 மீட்டர் மட்டும் குறையவில்லை. கிளம்புமுன் போகுமிடத்தைப் பதிந்துவிட்டு, வழியைக் காதால் கேளுங்கள். கண் ரோட்டில் இருக்கட்டும்.