சுவிட்ச்கியரில் காற்று இடைவெளி: அட்டவணையா, சோதனையா?

நடுத்தர மின்னழுத்த சுவிட்ச்கியரில் பஸ்பார்களுக்கு இடையிலும், பஸ்பாருக்கும் எர்த் செய்த பெட்டிக்கும் இடையிலும் எவ்வளவு தூரம் விடுவது என்பதை இரு வழிகளில் தீர்மானிக்கிறார்கள். ஒன்று அட்டவணை. மின்னல் துடிப்பில் 75 கிலோவோல்ட் தாங்க 120 மி.மீ, 95-க்கு 160, 170-க்கு 320 எனக் குறைந்தபட்சக் காற்று இடைவெளியை ஐ.இ.சி 60071-2 தருகிறது. மற்றொன்று சோதனை. உலோக உறையிட்ட பேனல்களுக்கான ஐ.இ.சி 62271-200 இத்தனை மி.மீ என்று எதையும் கட்டாயமாக்கவில்லை. மாதிரிப் பேனல் வகைச் சோதனையில் தேறினால் போதும். இன்றைய வடிவமைப்பு பெரும்பாலும் இந்த இரண்டாம் வழியில்தான் செல்கிறது.

அதற்கு நியாயம் உண்டு. அட்டவணை எண்கள், சோதித்துப் பார்க்க முடியாத அமைப்புகளையும் கூர்முனை மின்முனைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விளிம்புகளை உருட்டி, எபாக்சித் தடுப்பு வைத்தால் குறைந்த தூரமே அதே அழுத்தத்தைத் தாங்கும், பேனல் சிறுக்கும். 24 கிலோவோல்ட் வரையிலான புதிய சுவிட்ச்கியரில் எஸ்.எஃப்.6 வாயுவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2026 தொடக்கம் முதல் தடை விதித்திருப்பதால், காற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் திறமை இனி இன்னும் தேவைப்படும்.

ஆனால் சோதனை நிரூபிப்பது குறைவு. சோதிக்கப்படுவது புதிய, சுத்தமான, உலர்ந்த ஒரு மாதிரி. தொழிற்சாலையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு 12 கிலோவோல்ட் பேனலும் 28 கிலோவோல்ட்டை ஒரு நிமிடம் தாங்கிக் காட்டுகிறது. மின்னல் துடிப்பைச் சந்திப்பதில்லை. பிறகு களத்தில் கேபிள் லக் சற்றுச் சாய்ந்தாலோ போல்ட் நீண்டிருந்தாலோ சில மி.மீ போய்விடும். 120 மி.மீ விட்ட பேனலில் அது சிறு இழப்பு. ஏற்கெனவே குறுக்கிய பேனலில் இருந்த மிச்சமே அதுதான்.

இதைவிடப் பெரிய குறை ஓசையில்லாமல் வளர்வது. பஸ்பாருக்கும் தடுப்புப் பலகைக்கும் நடுவே சிக்கிய மெல்லிய காற்றுப் படலத்தில் மின்புலம் குவிகிறது. எபாக்சியின் மின்காப்பு மாறிலி காற்றைப்போல் நான்கு மடங்கு அளவில் இருப்பதே காரணம். அங்கே பகுதி மின்னிறக்கம் தொடங்கும். ஓசோனும் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமும் உண்டாகிப் பலகையின் மேற்பரப்பை அரிக்கும். ஆண்டுகள் கழித்து, மின்னலே இல்லாத ஒரு நாளில் பேனல் வெடிக்கலாம். இதை முன்கூட்டிக் காட்டும் பகுதி மின்னிறக்க அளவீட்டையோ, வாங்குபவரும் உற்பத்தியாளரும் பேசி முடிவுசெய்யட்டும் என்று தரநிலை விட்டிருக்கிறது. கைவிடக் கூடாத சோதனை இது.

கடலோர நிலையங்களில் உப்புத் தூசியைக் கழுவ உள்ளரங்கில் மழை வராது. ஆகவே மின்காப்பியின் மேற்பரப்பு வழியான ஊர்வுத் தூரத்தையும் தாராளமாகவே வைக்கவேண்டும். உயரமும் கணக்கில் சேரும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிகிறது. சுமார் 2,240 மீட்டரிலுள்ள உதகையில் திருத்தக் காரணி ஏறத்தாழ 1.16, அங்கே 75 கிலோவோல்ட் தேவை 87 ஆகிறது. அடுத்த நிலையான 95-ஐத் தேர்ந்தால் அட்டவணை இடைவெளி 160 மி.மீ.

காற்று மட்டுமே காப்பாக இருக்கும் இடங்களில், குறிப்பாகக் களத்தில் கேபிள் பூட்டும் அறையில், அட்டவணைத் தூரத்தைக் குறைக்கக் கூடாது. குறைத்த மற்ற இடங்களுக்கு ஒவ்வொரு பேனலிலும் பகுதி மின்னிறக்க அளவீடு வேண்டும் என்பதை வாங்குவோர் டெண்டரிலேயே எழுதவேண்டும்.