நோயேடு என்கிற பிரதி

'பதிவேடு என்றாலே கண்காணிப்பு' என்றொரு வாக்கியம் நம் வட்டத்தில் புழங்குகிறது. ஃபூக்கோவைப் படித்தவர்களும் சொல்கிறார்கள், படிக்காதவர்களும் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. அத்தோடு பேச்சை முடித்துக்கொள்வதில்தான் எனக்குச் சண்டை.

தெற்கு லண்டனின் அரசு மனநலச் சேவையை எடுத்துக்கொள்வோம். மாட்ஸ்லி, பெத்லெம் மருத்துவமனைகள் அதில் அடக்கம். 1247இல் தொடங்கிய அதே பெத்லெம்தான். 18ஆம் நூற்றாண்டில் 'பைத்தியங்களை' வேடிக்கை பார்க்க ஜனங்கள் போய்வந்த இடம். இந்தச் சேவை 2008இல் தன் கணினி நோயேடுகளை, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மறைத்து, ஆய்வுக்குத் திறந்துவிட்டது. 'கிரிஸ்' என்று பெயர். வேடிக்கை பார்க்கிறவன் கணினி வழியாகத் திரும்பிவிட்டான் என்று எழுதிவிடுவது சுலபம்.

ஆனால் அந்த ஏடுகளிலிருந்து 2011இல் வந்த ஓர் ஆய்வு என்ன சொன்னது? மனச்சிதைவு நோயுள்ள ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு, நாட்டின் மற்ற ஆண்களுடையதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு. மனச்சிதைவும் மனநிலைக் கோளாறும் கலந்த நோயுள்ள பெண்களுக்கு 17.5 ஆண்டுகள் குறைவு. தற்கொலை என்றுதான் உடனே நினைப்போம். அதுவும் உண்டு, ஆனால் இப்படிப்பட்ட சாவுகளில் பெரும்பங்கு இதயம், நுரையீரல் போன்ற உடல் நோய்களால் நேர்பவை. புகை, வறுமை, மாத்திரை ஏற்றிவிடும் எடையும் சர்க்கரையும், 'நெஞ்சு வலிக்குது' என்றால் 'அதெல்லாம் மனப்பிரமை' என்று தள்ளிவிடும் மருத்துவம். ஒரு மருத்துவர் ஒரு சாவைப் பார்த்து இதைக் கண்டுகொள்ள முடியாது. ஏடுகளைச் சேர்த்துப் படித்தால்தான் தெரியும்; தெரிந்தால்தான் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்காத மனநலச் சிகிச்சையைக் கேள்வி கேட்க முடியும். எண்ணப்படாமல் சாவதும் விளிம்புக்குத் தள்ளப்படுவதுதான்.

அப்போ சிக்கல் எங்கே? பிரதியில். நோயேட்டில் பெரும்பகுதி உரைநடை. அதைப் படிக்கக் கணினிக்கு நிரல் எழுதுகிறார்கள். 'குரல்கள் கேட்பதை மறுக்கிறார்' என்ற வாக்கியத்தைக் 'குரல்கள் கேட்கின்றன' என்று எண்ணிவிடாமல் இருக்க அதற்குப் பயிற்சி உண்டு. ஆனால் 'மறுக்கிறார்' என்பது யாருடைய வினைச்சொல்? நீதிமன்றத்தில் குற்றவாளிக்குரிய வினைச்சொல் அது. மாத்திரை வேண்டாம் என்றவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். ஏட்டில் 'ஒத்துழைக்கவில்லை' மட்டும் மிஞ்சும். நோயாளி அங்கே எப்போதும் படர்க்கை.

இது வெறும் மொழிப் பிரச்சினை இல்லை. இங்கிலாந்தில் கறுப்பினத்தவர் மனநலச் சட்டத்தின் கீழ் அடைத்து வைக்கப்படுவது வெள்ளையரைப்போலச் சுமார் நான்கு மடங்கு என்று 2018இல் அரசு கேட்டுப் பெற்ற அறிக்கையே சொன்னது. பழைய ஏட்டைப் படித்து 'ஆபத்தானவர்' யாரென்று முன்கூட்டியே சொல்லும் நிரல், நேற்றைய அடைப்பையே நாளைய அடைப்புக்குக் காரணமாக்கும்.

ஆக, ஏட்டை மூடு என்பதல்ல நம் கோரிக்கை. இங்கிலாந்தில் 'கேர்.டேட்டா' என்ற திட்டம் மக்களை ஒழுங்காகக் கேட்காமல் கிளம்பி 2016இல் கைவிடப்பட்டது. கிரிஸில் எந்த ஆய்வை அனுமதிப்பது என்று பார்க்கும் குழுவுக்கு நோயாளிகள் தலைமை தாங்குகிறார்கள். என் ஏடு வேண்டாம் என்று விலகவும் வழியுண்டு. இது சின்ன விஷயமில்லை. ஆனாலும் இது வாசிக்கிற உரிமையோடு நின்றுவிடுகிறது. எழுதுகிற உரிமையும் வேண்டும். 'மறுக்கிறார்' என்ற வரிக்குக் கீழே 'நான் சொன்னது இதுதான்' என்று நோயாளி தன் கையால் எழுத ஓர் இடம் விடுங்கள். அதையும் கணினி படிக்கட்டும்.