முகப்பும் பின்கட்டும்: சிங்கப்பூர்க் கடைவீடுகளைப் புதுப்பித்தல் பற்றிய ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் பழைய கடைவீடொன்றை வாங்கிப் புதுப்பிக்க முனையும் ஒருவர் முதலில் கேட்கும் வினா, இதில் எதனை இடிக்கலாம் என்பதே. வீடு அமைந்துள்ள வட்டாரத்தைப் பொறுத்து விடை மாறும். 1989ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் முதற்கட்டப் பாதுகாப்பு வட்டாரங்கள் அரசிதழில் அறிவிக்கப்பெற்றன. இன்று 7,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இப்பாதுகாப்பின்கீழ் உள்ளன. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகிய வரலாற்று வட்டாரங்களில் கட்டடம் முழுமையும் காக்கப்பட வேண்டும். எமரல்ட் ஹில், பிளேர் பிளெயின் போன்ற குடியிருப்பு வட்டாரங்களிலும், ஜூ சியாட், கேலாங் போன்று நகர மையத்திற்கு வெளியே வளர்ந்த வட்டாரங்களிலும் முன்புறத்து முதன்மைக் கட்டடத்தைக் காத்துக்கொண்டு, பின்புறத்தை நீக்கிப் புதிதாகக் கட்டலாம். இவ்வேறுபாட்டிற்கு நடைமுறைக் காரணங்கள் பல உள. ஆயினும், வீட்டின் பின்புறம் முன்புறத்தைவிட மதிப்புக் குறைந்தது என்னும் கருத்தும் அதனுள் பொதிந்துள்ளது. அக்கருத்தை ஆராய்வதே நம் நோக்கம். நாம் கட்டடக்கலை பயின்றோமல்லோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுதல் நன்று.

கடைவீடு அகலத்தில் குறுகியது, ஆழத்தில் நீண்டது. ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவர்வரை எட்டும் மரவுத்திரத்தின் நீளமே அதன் அகலத்தை வரையறுத்தது. வாசலில் அஞ்சடி. தெருவின் இருமருங்கும் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைவழி அமைய வேண்டும் என்னும் விதி இராஃபிள்சின் 1822ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே இடம்பெற்றதாகும். அஞ்சடியைக் கடந்தால் முன்கூடம், அதன் பின்னர் வானம் பார்த்த நடுமுற்றம், முற்றத்திற்கு அப்பால் பின்கட்டு. ஒளியும் காற்றும் மழையும் இம்முற்றத்தின் வழியாகவே வீட்டினுள் இறங்கின; சூடேறிய காற்றும் இதன் வழியாகவே மேலெழுந்து வெளியேறியது. முன்கட்டு, இரண்டாங்கட்டு, பின்கட்டு என வீட்டைக் கட்டுகளாகப் பகுத்துப் பேசும் வழக்கு தமிழில் உண்டு. சீன வணிகரின் கடைவீடு செட்டிநாட்டு வீடு ஆகாது. எனினும், முற்றங்களால் பகுக்கப்பட்ட நீள்மனையை விளக்க இச்சொற்கள் நன்கு பொருந்துகின்றன. ‘கட்டு’ என்னும் சொல் அறையை மட்டும் குறிப்பதன்று. அங்கு யார் புழங்கலாம், யார் புழங்கலாகாது என்பதையும் அது சுட்டும்.

பின்கட்டில் சமையலறை இருந்தது, கிணறோ நீர்த்தொட்டியோ இருந்தது, கழிப்பிடம் இருந்தது. வாளிக் கழிப்பிடங்களிலிருந்து மலம் அள்ளும் முறை சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டில்தான் முற்றாக முடிவுற்றது. சமைத்த பெண்டிரும் ஊழியம் செய்தவரும் தம் பகற்பொழுதைக் கழித்த இடம் இதுவே. இப்பகுதி முன்னரே ஒருமுறை வெட்டப்பட்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நகரின் சுகாதார நிலை குறித்து மருத்துவர் சிம்சன் 1907ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, ஒன்றோடொன்று முதுகொட்டி நின்ற வீடுகளிடையே பின்சந்துகளைத் திறக்குமாறு வற்புறுத்தியது. 1927இல் தோன்றிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் அப்பணியை மேற்கொண்டது. பல வீடுகளின் பின்பகுதி இவ்வாறு குறைக்கப்பட்டது. எனவே, இன்று ‘மூலப் பின்சுவர்’ என நாம் சுட்டும் சுவர் பெரும்பாலும் ஒரு பழைய திருத்தத்தின் எச்சமே. பின்புறத்தில் மாற்றமே கூடாது என்று வாதிடுவோர்க்கு இவ்வுண்மை இடர் தருவதாகும். மாற்றம் இவ்வீடுகளுக்குப் புதியதன்று. அது எவருக்காகச் செய்யப்பட்டது என்பதே நூறாண்டுகளில் மாறியுள்ளது. அன்று நோயுற்ற குடியிருப்பாளரின் மூச்சுக்காகச் சுவர் வெட்டப்பட்டது. இன்று வரவேற்பறையின் விரிவுக்காக வெட்டப்படுகின்றது.

முகப்பின் மீதுள்ள ஈடுபாடு நம்மை எங்குக் கொண்டு நிறுத்துகின்றது என்பதற்கு லிட்டில் இந்தியாவிலேயே ஒரு சான்று உளது. கெர்போ சாலையிலுள்ள டான் டெங் நியா இல்லம் 1900ஆம் ஆண்டளவில் ஒரு சீன வணிகரால் கட்டப்பெற்றது. அவ்வட்டாரத்தில் எஞ்சியுள்ள சீன மாளிகை அது ஒன்றே. 1980களின் புதுப்பித்தலுக்குப் பின்னரே அது இன்றைய பன்னிற ஒப்பனையைப் பெற்றது. சுற்றுலாப் பயணியர் அதன்முன் நின்று படம் எடுத்து, அதனை இந்திய வண்ணமாகவே கருதிச் செல்கின்றனர். நம் மாணவருள்ளும் அவ்வாறு எழுதியோர் உளர். பழமையைப் போலத் தோன்றும் ஒன்று பழமையின் இடத்தைப் பிடித்துக்கொள்வது இவ்வாறுதான்.

சுவரின் நிலை இன்னும் நுட்பமானது. செங்கற்சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சி மேலேற்றும். சுண்ணாம்புப் பூச்சு அவ்வீரத்தை மெல்ல மெல்ல வெளிவிடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சையும் நெகிழி கலந்த வண்ணத்தையும் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு கொப்பளித்து உதிரும். சுண்ணாம்பின் அருமை நம்மவர் கைகளுக்கு அந்நியமானதன்று. இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்த புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் உட்சுவர்களுக்கு மதராஸ் சுண்ணாம்பு பூசப்பட்டது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியன சேர்த்து அதனைக் குழைத்த முறையை மேக்நேர் 1899ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் பதிந்துள்ளார். அண்மையில் நாம் சென்று பார்த்த ஒரு வீட்டில், முகப்பின் பூவேலைப்பாடுகள் பிசிறின்றிச் சீரமைக்கப்பட்டிருந்தன. நடுமுற்றமோ கண்ணாடிக் கூரையால் மூடப்பட்டுக் குளிரூட்டப்பட்டிருந்தது. புதுப்பித்து இரண்டாண்டு நிறையுமுன்னரே பொதுச்சுவர் முழங்கால் உயரத்திற்கு உதிரத் தொடங்கியிருந்தது. உரிமையாளர் அதனைப் பழைய வீட்டின் குறை என்றார். நமக்கு அது புதிய பூச்சின் குறையாகவே பட்டது.

இதனால் தற்கால வடிவமைப்பை நாம் மறுப்பதாகக் கொள்ளலாகாது. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், தவிர்க்கவியலாத புதிய பகுதி தன் காலத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும் என்கின்றது. ஆய்வு மாணவராக நாம் இலண்டனில் வாழ்ந்த காலத்தில், விக்டோரியா காலத்து வரிசைவீடுகளின் பின்புறத்தில் கண்ணாடியும் எஃகுமாக எழுந்த சமையற்கூடங்களைக் கண்டு முகஞ்சுளித்ததுண்டு. பின்னர்த் தெளிந்தோம், பழைய செங்கல்லைப் போலவே நடித்த விரிவாக்கங்களைவிட அவை நேர்மையானவை. ஜூ சியாட்டிலுள்ள ‘லக்கி’ கடைவீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்னர்ப் புத்தகக்கடையாக இருந்த அதன் முகப்பில் கடைப்பெயரின் எழுத்துகள் அழிக்கப்படாமல் விடப்பட்டுள்ளன. சாங் ஆர்க்கிடெக்ட்ஸ் நிறுவனத்தார் பின்புறத்தில் அமைத்த புதிய பகுதி எவ்வித ஒப்பனைப் பழமையையும் பூண்டு நிற்கவில்லை. பழையதற்கும் புதியதற்கும் நடுவே தோட்டம் திறந்து கிடக்கின்றது. முற்றத்தின் தொழில் அங்கு வேறு உருவில் தொடர்கின்றது. நம் பார்வையில் ஒரு விரிவாக்கத்தை அளக்க வேண்டிய முதன்மை அளவுகோல் இதுவே. தோற்றத்தின் ஒற்றுமை வேற்றுமைகளைப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம்.

நீல் சாலையிலுள்ள பாபா இல்லம் வேறு வகையினது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் மீட்டெடுக்கப்பெற்று 2008இல் திறக்கப்பட்ட அவ்வில்லம், கீழ்த்தளங்களில் 1920களின் இல்வாழ்வைக் காட்டுகின்றது. மூன்றாம் தளத்தில் இக்காலக் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. அது அருங்காட்சியகமாதலின் அவ்வாறு இயன்றது. மக்கள் குடியிருக்கும் வீட்டிற்கு அவ்வளவையை வைத்தல் முறையாகாது.

வடிவம் காக்கப்பட்டும் வாழ்வு கழன்றுபோதலும் உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1988 முதல் படிப்படியாகத் தளர்த்தப்பெற்று 2001இல் நீக்கப்பட்டது. புதுப்பித்தலுக்குப் பணம் வந்தது. பழைய வாடகையை நம்பிப் பிழைத்த கடைகளும் குடிகளும் வெளியேறின. மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளை இங்கு எண்ணிப் பார்க்கலாம். நீண்ட கூடத்தில் தடுப்புச் சுவரின்றி, பெட்டியும் சாய்வு மேசையுமாக அருகருகே அமர்ந்து செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய அக்கட்டடங்கள் நகர மையச் சீரமைப்பில் மறைந்தன. அவற்றின் முகப்பை மட்டும் நிறுத்தி வைத்திருப்பின், கிட்டங்கி என்பது என்ன என்று அம்முகப்பு எவருக்கும் கற்பித்திராது. அதன் பொருள் முழுவதும் உட்கூடத்தில் இருந்தது.

பின்கட்டை இடிக்க இசைவளிக்கும் விதி உடனே மாறும் என நாம் எதிர்பார்க்கவில்லை. இடிப்பதற்கு முன் அடுப்புமேடை, நீர்த்தொட்டி, வடிகால், பின்படிக்கட்டு ஆகியவற்றை அளந்து வரைந்து, அங்கு வேலை செய்தோர் எவரேனும் இருப்பின் அவர்தம் வாய்மொழியையும் பதிந்து வைத்தல் இயலும். ஒரு வீட்டிற்கு இரண்டு நாள் வேலை. நம் துறையின் இறுதியாண்டு மாணவர்க்கு அதற்கான பயிற்சி அளிக்கலாம். சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள வீடுகளில் தொடங்கின் மொழிச்சிக்கலும் குறைவாகவே இருக்கும்.