யார் பிழைப்பார்கள்? 2007-இல் நான் போட்ட தப்புக் கணக்கு

போன வாரம் பழைய நோட்டுகளை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தபோது 2007 ஜூன் மாதத்தில் எழுதிய குறிப்பு ஒன்று கையில் கிடைத்தது. "இன்னும் 15 வருடத்தில் இந்தியாவில் எந்தெந்த விமான கம்பெனிகள் இருக்கும்?" என்று தலைப்புப் போட்டு, கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

ஜெட் ஏர்வேஸ்: கட்டாயம் இருக்கும்.
கிங்ஃபிஷர்: கட்டாயம் இருக்கும்.
ஏர் இந்தியா: அரசாங்கம் இருக்கிறவரை இருக்கும்.
ஸ்பைஸ்ஜெட்: சந்தேகம்.
இண்டிகோ: யாராவது வாங்கிவிடுவார்கள்.

கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றுபோனது. ஜெட் 2019 ஏப்ரலில் கடைசியாகப் பறந்தது. அரசாங்கம் அப்படியே இருக்கிறது, ஆனால் ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவிடம் போய்விட்டது. இண்டிகோவை யாரும் வாங்கவில்லை. உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இன்று அதில்தான் போகிறார்கள். ஸ்பைஸ்ஜெட்டுக்கு நான் எழுதிய "சந்தேகம்" மட்டும் இன்றுவரை பொருந்துகிறது.

ஐந்துக்கு ஒன்று. பரீட்சை என்றால் ஃபெயில். ஆனால் அன்றைக்கு இப்படி நினைத்தவன் நான் ஒருத்தன் மட்டும் இல்லை. பிசினஸ் பத்திரிகைகளைப் படித்துத்தான் எழுதினேன், அங்கே நிலவிய பொதுக் கருத்தும் இதுதான்: சின்னதெல்லாம் கரைந்துபோகும், இணைந்து பெரிதானவர்கள் நிலைப்பார்கள். அந்தக் கருத்தில் எங்கே ஓட்டை என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு. பழைய தப்பை நோண்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அதே பேச்சு இப்போது மறுபடியும் காதில் விழுகிறது.

ஒரே வருடத்தில் மூன்று கல்யாணம்

2007-இல் மூன்று இணைப்புகள் நடந்தன. ஜெட், ஏர் சஹாராவை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கியது. விஜய் மல்லையாவின் யுபி குழுமம் 550 கோடி ரூபாய் கொடுத்து ஏர் டெக்கானில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. அரசு, ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒரே கம்பெனியாக்கியது.

இங்கே நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. இவர்கள் உண்மையில் எதை வாங்கினார்கள்?

ஜெட்டுக்கு சஹாராவிடம் பிடித்தது மும்பை, டெல்லி நிலையங்களில் சஹாராவுக்கு இருந்த நேர ஒதுக்கீடும் விமானம் நிறுத்தும் இடங்களும். கிங்ஃபிஷருக்கு டெக்கானிடம் பிடித்ததில் முக்கியமானது டெக்கானின் வயசு. வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டுமென்றால் 5 வருட உள்நாட்டு அனுபவமும் 20 விமானங்களும் வேண்டும் என்று அப்போது ஒரு விதி இருந்தது. கிங்ஃபிஷர் பிறந்தது 2005 மே. டெக்கான் பிறந்தது 2003 ஆகஸ்ட். அதனால் வாங்கியவர் மல்லையாவாக இருந்தாலும், காகிதப்படி கிங்ஃபிஷர்தான் டெக்கான் கம்பெனிக்குள் இணைந்தது, பிறகு பெயரை மாற்றிக்கொண்டார்கள். வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு தேடியது அளவை: இரண்டு நஷ்டங்களைக் கூட்டினால் ஒரு பெரிய கம்பெனி வரும் என்ற நம்பிக்கை.

அனுமதி, வயசு, அளவு. மூன்றும் அரசு விதிகளாலோ காகிதத்தாலோ மதிப்புப் பெற்றவை. ஒரு இருக்கையைச் சென்னையிலிருந்து டெல்லிக்குக் கொண்டுபோக ஆகும் செலவை இதில் எதுவும் குறைக்கவில்லை.

ஒரு இருக்கைக்கு எவ்வளவு?

ஒரு பேச்சுக்கு, ஒரு விமானம் ஒரு தடவை போக 9 லட்சம் ஆகிறது என்று வைப்போம். 180 இருக்கை போட்டால் ஆளுக்கு 5,000 வருகிறது. பிசினஸ் கிளாஸ், தாராளமான இடம் என்று 150 இருக்கை போட்டால் 6,000. சூடான சாப்பாடும் கூடுதல் ஆட்களும் அதற்கு மேல். இந்தியப் பயணி அந்த வித்தியாசத்தைத் தருவாரா என்பதுதான் கேள்வி. கொஞ்சம் பேர் தருவார்கள், ஆனால் விமானம் நிறைய அது போதாது.

கிங்ஃபிஷர்–டெக்கான் இணைப்பு காகிதத்தில் பிரமாதமாகத்தான் தெரிந்தது. இரண்டு பேரிடமும் ஏர்பஸ் ஏ320, இரண்டு பேரிடமும் ஏடிஆர். பைலட், உதிரிபாகம், பராமரிப்பு எல்லாம் பொது. நானும் நோட்டில் இதைத்தான் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

விமானம் ஒன்றாக இருந்தாலும் ஏறுகிற ஆள் வேறு என்பதை விட்டுவிட்டேன். டெக்கானில் ஏறியவர், ரயில் ஏசி டிக்கெட் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து வந்தவர். முதல் தடவை விமானம் ஏறியவர் அதில் ஏராளம். கேப்டன் கோபிநாத் கட்டியது அந்தக் கூட்டத்தைத்தான், அதுவும் நஷ்டத்தில். புதிய முதலாளிகள் டெக்கானைக் கிங்ஃபிஷர் ரெட் என்று மாற்றி, சிவப்பு பெயிண்ட் அடித்தார்கள். மலிவுக்கு வந்தவர் இண்டிகோ பக்கமும் ஸ்பைஸ்ஜெட் பக்கமும் நகர்ந்தார். சொகுசுக்கு வந்தவரோ, "அதே சிவப்பு விமானம் பாதி விலைக்குப் போகும்போது நான் ஏன் முழுசாகக் கொடுக்கணும்?" என்று யோசிக்க ஆரம்பித்தார். 2011-இல் மலிவு விலைச் சேவையையே நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அதாவது வாங்கிய பொருளையே தூக்கிப் போட்டார்கள்.

நேரமும் சரியில்லை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. விமான கம்பெனியின் செலவில் எரிபொருள் மட்டுமே மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். இவ்வளவு பாடுபட்டு வாங்கிய டெக்கானின் வயசைக் காட்டி கிங்ஃபிஷர் பெங்களூர்–லண்டன் சேவையைத் தொடங்கியது 2008 செப்டம்பரில். லேமன் பிரதர்ஸ் திவாலானதும் அதே மாதத்தில்தான்.

ஏர் இந்தியா கதை வேறு மாதிரி. விமானம், வழித்தடம் எல்லாம் இணைந்தது, மனுஷர்கள் இணையவில்லை. சம்பள விகிதம் இரண்டு, சீனியாரிட்டி இரண்டு, பைலட் சங்கம் இரண்டு. புதிதாக வரும் டிரீம்லைனரை ஓட்டும் பயிற்சி யாருக்கு என்ற சண்டை 2012-இல் ஏறக்குறைய இரண்டு மாத வேலைநிறுத்தமாக வெடித்தது. இணைப்பு நடந்து ஐந்து வருடம் ஆன பிறகு!

இதற்கெல்லாம் முன்மாதிரிகள் இருந்தன, நான்தான் பார்க்கவில்லை. காற்றாலைத் தொழிலிலிருந்து வந்த சென்னை நிறுவனம் என்இபிசி 1995-இல் தமானியா ஏர்வேஸை வாங்கியது. 1997-க்குள் இரண்டும் இல்லை. அமெரிக்காவில் பான் ஆம் 1980-இல் நேஷனல் ஏர்லைன்ஸை வாங்கியது. இரண்டு சம்பள விகிதங்களையும் சமன் செய்யப் போய்ச் செலவு ஏறியது. 1991 டிசம்பரில் பான் ஆம் மூடப்பட்டது.

அப்போ இண்டிகோ கெட்டிக்காரனா?

பின்னால் திரும்பிப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். இண்டிகோ ஒரு விமானம்கூடப் பறக்கவிடும் முன்பே, 2005-இல், 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மொத்தமாக வாங்கியதால் விலை குறைவு. வந்த விமானத்தை வேறொருவருக்கு விற்று, அவரிடமே வாடகைக்கு எடுத்து ஓட்டினால் கையில் காசு இருக்கும். வெகுகாலம் ஒரே வகை விமானம், ஒரே வகுப்பு. யாரையும் வாங்கவில்லை. இதெல்லாம் சரி.

ஆனால் 2007-இல் அதற்கு ஒரு வயசுகூட ஆகவில்லை. எண்ணெய் விலை ஏறியபோது அது இன்னும் சின்னதாக இருந்ததும், போட்டியாளர்கள் ஜீரணம் ஆகாததை விழுங்கி உட்கார்ந்திருந்ததும் அதன் அதிர்ஷ்டம். ஏறக்குறைய இதே வழியில், ஒரே வகை ஏர்பஸ்ஸோடு, யாரையும் வாங்காமல் போன கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு கொடுத்தது. பழுதான இன்ஜின்களுக்கு மாற்று வராததைக் காரணமாகச் சொன்னார்கள். ஆகவே "இண்டிகோ மாதிரி செய்தால் பிழைக்கலாம்" என்பதும் ஒரு ஜோசியம்தான்.

அமெரிக்காவில் நடந்ததே என்பவர்களுக்கு

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும். டெல்டா–நார்த்வெஸ்ட் (2008), யுனைடெட்–காண்டினென்டல் (2010), அமெரிக்கன்–யுஎஸ் ஏர்வேஸ் (2013) இணைப்புகள் ஓடினதே? ஓடின. ஆனால் டெல்டாவும் நார்த்வெஸ்டும் 2005-இல் திவால் நீதிமன்றம் போய், 2007-இல் வெளியே வந்து, அதற்குப் பிறகுதான் இணைந்தன. அமெரிக்கன் திவாலில் இருந்தபடியே இணைந்தது. கடனையும் வாடகையையும் சம்பளத்தையும் முதலில் வெட்டினார்கள், கை கோத்தது அதற்கப்புறம். நமக்குத் திவால் சட்டம் ஒழுங்காக வந்ததே 2016-இல்.

அந்த வெட்டு யார் மேல் விழுந்தது? யுனைடெட் 2005-இல் தன் ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டங்களை அரசுக் காப்பீட்டு அமைப்பின் தலையில் கட்டிவிட்டது. பலருக்குக் கிடைக்க வேண்டியதைவிடக் குறைவாகவே கிடைத்தது. இணைப்புகளுக்குப் பிறகு மெம்பிஸ், கிளீவ்லாண்ட் மாதிரி நகரங்கள் மையம் என்ற இடத்தை இழந்தன. பிழைத்த கம்பெனியின் பெயர் பட்டியலில் இருக்கிறது. இழந்தவர்களுக்குப் பட்டியலே கிடையாது.

என் 2007 கணிப்பின் பெரிய தப்பு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கிங்ஃபிஷரா இண்டிகோவா என்று மாற்றிச் சொன்னது ரெண்டாம்பட்சம். குதிரைப் பந்தயம் மாதிரி "யார் ஜெயிப்பார்கள்" என்று மட்டும் கேட்டேன். தோற்றால் யார் பணம் கட்டுவார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

கிங்ஃபிஷரின் கடனில் பெரும்பகுதி பொதுத்துறை வங்கிகளுடையது. ஏர் இந்தியாவை டாடா 18,000 கோடிக்கு எடுத்தபோது, அதில் 15,300 கோடி கடனாகத்தான் போனது. மிச்சக் கடன் 46,262 கோடி அரசின் தலையில், அதாவது நம் தலையில் நின்றது. ஜெட்டைப் பிழைக்க வைக்கும் முயற்சி ஐந்து வருடம் இழுத்து, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொத்துகளைக் கலைக்கச் சொல்லி முடித்தது.

என் சித்தி பையன் ஒரு விமான கம்பெனியில் தரைப் பணியில் இருந்தான். பெயர் வேண்டாம். "அடுத்த மாசம் வந்துடும்ணே" என்று அவன் எனக்குச் சமாதானம் சொன்ன மாதங்கள் ஐந்து. கடைசியில் நிலுவைச் சம்பளம் வரவில்லை, பைக்கை விற்றான். அந்தக் கம்பெனியும் என் நோட்டில் இருக்கிற பெயர்தான். அதைப் பற்றி எழுதியபோது சந்தைப் பங்கு, பிராண்ட், விமானங்களின் எண்ணிக்கை எல்லாம் எழுதினேன். அவனை மாதிரி ஆட்கள் அதில் இல்லை.

எங்கள் சேலம் விமான நிலையத்தையும் சொல்லணும். ஓமலூர் பக்கம், காமலாபுரத்தில் இருக்கிறது. தொண்ணூறுகளில் என்இபிசி வந்தது, நின்றது. 2009-இல் கிங்ஃபிஷர் வந்தது, நின்றது. 2018-இல் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நின்றது. சேவை மட்டுமா நின்றது, அந்த மூன்று கம்பெனிகளுமே இப்போது பறப்பதில்லை. 2023 அக்டோபரில் மறுபடியும் விமானம் வர ஆரம்பித்தது. ஊரில் சந்தோஷம்தான், எனக்கும்தான். ஆனால் வருகிற கம்பெனி பிழைக்குமா என்பதைவிட, அது போனால் இன்னொன்று வர வழியிருக்கிறதா என்பதுதான் இந்த மாதிரி ஊர்களுக்குக் கேள்வி.

இப்போதைய ஜோசியம்

2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தது. அதற்கு முந்தின மாதம் பழைய ஏர்ஏஷியா இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் கலந்தது. உள்நாட்டுச் சந்தையில் சுமார் 90 சதவீதம் இப்போது இரண்டே கூடாரத்தில். "இனி இந்த இரண்டும்தான், நிலைத்துவிட்டார்கள்" என்று எழுதுகிறார்கள். 2007-இல் நான் எழுதிய அதே வாக்கியம், பெயர்கள்தான் வேறு.

நான் இம்முறை பெயர் எழுதப்போவதில்லை. 2025 டிசம்பரில் பைலட்களின் ஓய்வு நேர விதிக்கு ஏற்றபடி ஆட்கள் தயாராக இல்லாமல் இண்டிகோ சில நாட்களில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. வேறு கம்பெனிகளில் இடம் இல்லை, கட்டணம் எகிறியது, அரசு உச்சவரம்பு போட வேண்டி வந்தது. கூடவே அந்த ஓய்வு விதியிலேயே இண்டிகோவுக்குத் தற்காலிக விலக்கும் கொடுத்தார்கள். களைப்பான பைலட் ஓட்டக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. பத்தில் ஆறு பேரைச் சுமக்கும் கம்பெனியை மடக்க யாருக்கும் துணிச்சல் வராது என்பது அந்த வாரம் தெரிந்துபோனது.

நோட்டில் பழைய பட்டியலுக்குக் கீழே இப்போது எழுதி வைத்திருப்பது இது. அடுத்த இணைப்புச் செய்தி வரும்போது நான் பார்க்க வேண்டியவை:

வாங்குகிறவர் வாங்குவது இருக்கைச் செலவைக் குறைக்கும் ஒன்றையா, அனுமதியையா?
கடன் யாருடையது?
ஊழியர் நிலுவைக்கு வரிசையில் எத்தனையாவது இடம்?
அந்தக் கம்பெனி நாளைக்கு நின்றால், சேலத்துக்கு வேறு யார் பறப்பார்கள்?

நான்கில் மூன்றுக்கு இன்றைய நிலவரத்தில் எனக்குப் பிடித்த பதில் இல்லை. இன்னும் 15 வருடம் கழித்து இந்த நோட்டை எடுத்துப் பார்க்கிறேன்.